நம் வீட்டுத் தாகத்துக்கு ஒரு பெயர் உண்டு

மூர்த்தி, அன்றைக்கு அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் உன் அப்பா ஏகாம்பரம். தலைமாட்டில் நான். கால்மாட்டில் உன் சித்தப்பா வரதன், உன் அப்பாவோடு ஒரே தறியில் உட்கார்ந்து நெய்தவர். சுவரோரம் உன் அத்தை பெருந்தேவி, உன் அப்பாவுக்கு அக்கா. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் ஐயம்பேட்டை மரகதம்மாள். பெருந்தேவியின் மகளை அவர் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தது, கல்யாணத்துக்கு மூன்று வாரம் பாக்கி. சம்பந்தி முறைக்கு நோயாளியைப் பார்க்கச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் திருப்புட்குழி விவசாயி துளசிங்கம், முதல் நாள் ஆபரேஷன் ஆனவர். வந்து வந்து போனவள் நர்ஸ் ஸ்டெல்லா. ஒரு டூட்டி டாக்டரும் இரண்டு முறை வந்தார், அவர் பேரை மட்டும் கடைசி வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீ அங்கே இல்லை. உனக்குப் பத்து வயது, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். இருபத்தாறு வருஷம் ஆகிறது. மரகதம்மாள் கட்டியிருந்த சேலையின் கரை என்ன நிறம் என்று கேட்டால்கூட இப்போது சொல்லுவேன்.

போன வெள்ளிக்கிழமை உன் பெண்டாட்டி நித்யா எனக்குப் போன் செய்தாள். "அத்தை, பாப்பா குளிக்க வெச்ச தண்ணிய மொண்டு குடிக்குது. ஈரத் துண்ட வாயில வெச்சி சப்புது. ராத்திரில நாலு தடவ படுக்கைய நனைக்குது. டாக்டர் டெஸ்ட் பண்ணிட்டு சுகர் இல்லன்னுட்டாரு" என்றாள். உங்கள் குடும்பத்தில் இந்த மாதிரி யாருக்காவது இருக்கிறதா என்று அந்த டாக்டர் கேட்டாராம். நீ "இல்ல டாக்டர்" என்று சொன்னாயாம். அப்படியானால் இது வெறும் பழக்கமாக இருக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்காமல் நிறுத்திப் பாருங்கள், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டாராம். அவர்மேல் குற்றமில்லை. உன்மேலும் குற்றமில்லை. அந்த "இல்ல" என்ற வார்த்தையை உனக்குக் கொடுத்தவள் நான்.

உடனே உனக்குப் போன் போட்டேன். "டேய், புள்ளைக்குத் தண்ணிய நிறுத்தாதடா, உங்கப்பாவுக்கு அன்னிக்கு ஆனது" என்று ஆரம்பித்தேன். "அம்மா, அவரு குடிச்சி செத்தாரு. அத இப்ப எதுக்கு இழுத்துக்கினு வர? நான் வேலைல இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். பிறகு எத்தனை தடவை போட்டும் நீ எடுக்கவில்லை. அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு நின்ற இந்தக் கையால் எழுதுகிறேன். நித்யாவிடம், குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடு, ராத்திரி எழுப்பியும் கொடு என்று சொல்லியிருக்கிறேன். உனக்குத் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளைத் திட்டாதே, என்னைத் திட்டு. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதுமில்லை. நித்யாவும் படிக்கட்டும், அவள் பிறந்த வீட்டாரும் படிக்கட்டும், அச்சில் வந்து காஞ்சிபுரம் பூராவும் படித்தாலும் சரி. மூடி வைத்ததனால் ஒரு உயிர் போனது போதும்.

நான் பிள்ளையார்பாளையத்துக்கு வாழ வந்தபோது தெருவில் நம் வீட்டுக்குச் சொம்பு வீடு என்று பேர். ஏன் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமான மூன்றாம் நாள் என் மாமியார் இரண்டு செப்புக் குடத்தைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். "எங்க வீட்டு ரத்தம் சூட்டு ரத்தம்மா. என் வூட்டுக்காரரும் இப்டித்தான், என் மகளும் இப்டித்தான். விடியறதுக்குள்ள ரெண்டும் காலியாவும், நீ பயந்துக்காத" என்றார். அப்படியே காலியானது. உன் அப்பா ராத்திரி ஐந்து முறை எழுந்து கொல்லைக்குப் போவார், ஐந்து முறையும் வந்து குடிப்பார். பகலில் தறிக் குழியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை ஏறுவார். எதிர்ப்பக்கம் நாடா தள்ளுகிற வரதன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். வரதனுக்கு அந்தச் சூடு இல்லை, அதனால் அவருக்கு எல்லாமே வேடிக்கை. "அண்ணா, நீ சேலை நெய்யறியா, கொல்லைக்குப் பாதை போடறியா?" என்பார். உன் அப்பா சிரிப்பார். அந்த மனிதர் ஒரு நாள் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தால்கூட அந்த வாசனைக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்லுகிற ஆள், சாராயக்கடைத் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார்.

இதையெல்லாம் நாங்கள் நோய் என்று நினைக்கவில்லை, மூர்த்தி. சில வீட்டில் பூண்டு சேர்க்கமாட்டார்கள், சில வீட்டில் செவ்வாய்க்கிழமை தலைக்கு ஊற்றமாட்டார்கள், நம் வீட்டில் இரண்டு குடம். வீட்டு வழக்கத்தை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா? உன் அப்பாவுக்குக் குடல் இறக்கம் வந்து ஆபரேஷன் என்றபோது, அந்த நர்சிங் ஹோமில் என்னைத்தான் கேட்டார்கள். சுகர் இருக்கிறதா, இல்லை. பிரஷர், இல்லை. வேறு ஏதாவது? "ஒண்ணும் இல்லீங்க, நல்ல ஒடம்பு" என்றேன். நீ சொன்ன "இல்ல"வுக்கு அக்கா அது.

முதல் நாள் ராத்திரி பத்து மணியிலிருந்து வாயில் ஒன்றும் படக்கூடாது என்றாள் ஸ்டெல்லா. "ஒரு வாய் தண்ணி உள்ள போனாலும் மயக்கத்துல வாந்தி வந்து மூச்சடைச்சிடும்மா. நீங்கதான் பொறுப்பு" என்றாள். காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். எட்டு மணி டாக்டருக்கு வேறு எங்கோ அவசரம், பத்து என்றார்கள், பன்னிரண்டு என்றார்கள். சித்திரை வெயில். உன் அப்பா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் காவல் இருந்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன சொம்புத் தண்ணீரை அவர் கண்ணுக்கு எதிரே தொட்டியில் ஊற்றியவள் நான். முகம் துடைத்த ஈரத் துண்டை அவர் உறிஞ்சினார், அதைப் பிடுங்கினேன். உள்ளே தண்ணீர் போகவில்லை, ஆனால் வெளியே போவது மட்டும் நிற்கவே இல்லை, கால் மணிக்கு ஒரு தடவை போனார். அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாள் பூராவும் குடிக்காதவருக்கு எங்கிருந்து வருகிறது? தோன்றவில்லை. துளசிங்கம்தான் பொறுக்கமாட்டாமல், "யம்மா, ஒரு வாய் குடுமா. எங்க ஊர்ல மாட்டக்கூட இப்டி வெக்கமாட்டாங்க" என்றார். அவரை முறைத்தேன்.

மதியத்துக்கு மேல் உன் அப்பாவின் நாக்கு ஒட்டிக்கொண்டது. பேச்சு குழறியது. என்னைப் பார்த்து "நீ யாரு?" என்றார். மரகதம்மாள் மடியில் இருந்த சாத்துக்குடியைத் தோலோடு பிடுங்கிக் கடித்தார். திடீரென்று எழுந்து ஓடி, தரை துடைக்க வைத்திருந்த வாளிக்குள் முகத்தைக் கவிழ்த்தார். வரதனும் ஆயாவேலை செய்கிற அம்மாளும் இழுத்து வந்து படுக்கவைத்தார்கள். ஸ்டெல்லா ஓடி வந்து, "இவரு குடிப்பாரா?" என்று கேட்டாள்.

வரதன் சிரித்துக்கொண்டே சொன்னார், "ஐய, இவரு பயங்கர தண்ணி பார்ட்டி சிஸ்டர். பொறந்ததுல இருந்தே!"

ஸ்டெல்லா சீட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. "இல்லம்மா, அவரு குடிக்கவே மாட்டாரு, தண்ணிதான் குடிப்பாரு" என்றேன்.

"அதத்தாம்மா நாங்களும் சொல்றோம், தண்ணிதான்."

"நீங்க சொல்ற தண்ணி இல்லம்மா, தண்ணித் தண்ணி! கொழா தண்ணி!"

"எல்லா வூட்டம்மாவும் இப்டித்தான் சொல்றாங்க. மறைக்காதீங்க, ட்ரீட்மென்ட் கெட்டுப்புடும்" என்றாள்.

டூட்டி டாக்டர் வந்தார். தினமும் குடிக்கிறவன் ஒரு நாள் நிறுத்தினால் இந்த நடுக்கமும் பிதற்றலும் வரும், ஆபரேஷன் இன்றைக்கு வேண்டாம் என்றார். தூக்க ஊசி போட்டார்கள். இரண்டு கையையும் கட்டுத்துணியால் கட்டிலில் கட்டினார்கள். வரதனின் சிரிப்பு போய்விட்டது, "சார், நான் வெளாட்டுக்கு" என்று ஆரம்பித்தார், யாரும் காதில் வாங்கவில்லை. அப்போதுதான் பெருந்தேவி என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "ஒரு வாய் தண்ணி குடுத்துடேன்டீ" என்றாள். "நர்சம்மா வேணான்னுட்டாங்களே அக்கா" என்றேன். அவள் நாற்காலியில் இருந்த மரகதம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கதவு இடுக்கில் பார்த்தேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தாள், மூச்சு விடாமல், பாட்டில் காலியாகும் வரைக்கும். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து பழைய இடத்தில் நின்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வலிப்பு வந்தது. மூன்றாவது வலிப்பில் உன் அப்பா போய்விட்டார். சீட்டில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. மருந்துக்கடைக்காரர் படித்துச் சொன்னார், குடியை நிறுத்தியதால் வந்த வலிப்பு என்று. அந்தச் சீட்டு எங்களுக்கு முன்னாலேயே தெருவுக்குப் போய்விட்டது. பதினாறாம் நாள் வரதன் என் காலில் விழுந்து, "அண்ணி, நான் வெளாட்டுக்குத்தான் சொன்னேன்" என்று அழுதார். மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை, நம் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை. அவர் வீடு வீடாகப் போய் என் அண்ணன் குடிக்காதவர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார், ஒருவரும் நம்பவில்லை. நீயும் நம்பவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா குடிப்பாராமே?" என்று கேட்டாய். இல்லை கண்ணு என்றேன். குடிகாரன் பெண்டாட்டியை ஊர் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாய். பத்து வயதில் உனக்கு அந்தப் பார்வை வந்துவிட்டது.

நாலு வருஷம் கழித்து பெருந்தேவியின் மகளுக்கு வளைகாப்பு. போகமாட்டேன் என்றவளை வரதன் கூட்டிக்கொண்டு போனார். தயிர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். முட்டை வைக்கிற இடத்தில் சின்ன மருந்து பாட்டில், மெல்லிய குழாயோடு. பெருந்தேவியின் மகன் சேகர் வந்து அதை எடுத்து மூக்கில் விட்டுக்கொண்டான். "இன்னாப்பா அது, சளிக்கா?" என்றேன். "இல்ல அத்தை, தண்ணிக்கு. எட்டு வயசுல, மாமா போறதுக்கு முன்னாடியே, மெட்ராஸ்ல கண்டுபிடிச்சாங்க. இது போடலன்னா ராத்திரி பூரா ஓடிக்கினே இருப்பேன். அம்மாவுக்கும் இதுதான், அம்மா மருந்து வேணான்னுட்டாங்க" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, வெள்ளந்தியாகச் சொன்னான். தயிர்ப் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டேன்.

பெருந்தேவியைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். மறைக்கவில்லை அவள். "பொண்ணு கல்யாணம்டீ. மரகதம்மா குத்துக்கல்லு மாதிரி குந்திக்கினு இருந்தாங்க. பரம்பரை நோவுன்னு தெரிஞ்சா அன்னிக்கே தட்டத் திருப்பிக் குடுத்திருப்பாங்க" என்றாள்.

"என் காதுல சொல்லியிருக்கலாமே?"

"உன் வாய் ஓட்ட வாய். நீ கத்தியிருப்ப."

ஆமாம், கத்தியிருப்பேன். அந்த நர்சிங் ஹோம் கூரை பறக்கக் கத்தியிருப்பேன்.

அதன் பிறகு ஒரு நாள் சேகரோடு நானும் அவன் டாக்டரிடம் போனேன். அந்தம்மா பொறுமையாகக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் உன் டாக்டர் திருத்தட்டும். சிறுநீரகம் நாள் பூராவும் ரத்தத்திலிருந்து குடம் குடமாக நீரை வடிக்கிறது. வடித்ததில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது, கழிவோடு சேர்ந்து வெளியே போவது கொஞ்சம். ஆனால் எவ்வளவு திருப்பி அனுப்புவது என்பதை அது தானாக முடிவு செய்வதில்லை. மூளை ரத்தத்தின் உப்பை ருசி பார்த்துக்கொண்டே இருக்கிறதாம். உப்பு ஒரு சிட்டிகை ஏறினால் இரண்டு வேலை செய்கிறது. நமக்குத் தாகம் எடுக்கவைக்கிறது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்குகிற ஒரு சுரப்பியிலிருந்து ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது போய்ச் சிறுநீரகத்திடம், நீரை விடாதே, பிடித்து வை என்று சொல்கிறது. ராத்திரி நாம் எழுந்திருக்காமல் தூங்குவது அதனால்தான். தண்ணீர் அதிகமாகக் குடித்துவிட்டால் அந்த ஹார்மோன் குறைகிறது, மிச்சம் வெளியே போகிறது. நம் வீட்டுக்காரர்களுக்குச் சிறுநீரகம் நன்றாகவே இருக்கிறது, மூளையும் உப்பை ருசி பார்க்கிறது, அந்த ஹார்மோனை உண்டாக்குகிற இடம்தான் சின்ன வயதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுவிடுகிறது. சிறுநீரகத்துக்குப் பிடித்து வை என்று சொல்ல ஆளில்லை. அது திறந்துவிட்டுக்கொண்டே இருக்கிறது, உடம்பு வற்றினாலும் திறந்துவிடுகிறது. உப்பு ஏறி ஏறி மூளை வாடிவிடும், பிதற்றல் வரும், வலிப்பு வரும். "அப்ப இத்தனை வருஷம் இவங்க எப்டிம்மா உயிரோட இருந்தாங்க?" என்று கேட்டேன். "தாகம்தான் காப்பாத்திச்சி. குடிக்கறவரைக்கும் ஒண்ணும் ஆவாது" என்றார். உன் அப்பாவைக் காத்துக்கொண்டிருந்தது அந்தத் தாகம் ஒன்றுதான். அதன் கையைத்தான் கட்டிலில் கட்டினோம்.

இதற்கு டயாபட்டிஸ் இன்சிபிடஸ் என்று பேர். சேகர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதுகிறேன். பேரில் டயாபட்டிஸ் இருப்பதால் சர்க்கரை என்று நினைக்காதே, சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். பாப்பாவுக்குத் தாத்தா கொடுத்த சீர் இது என்று வைத்துக்கொள், நான் வாழ வந்த வீட்டுச் சீர்.

இப்போது என் தப்பைச் சொல்லவேண்டும். உனக்கும் இந்த நோய் இருக்கிறது, மூர்த்தி. சேகர் வாயைத் திறந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். உனக்குப் பதினாலு வயது, உன் படுக்கைக்குப் பக்கத்திலும் குடம் இருந்தது. உன்னை டாக்டரிடம் காட்டியிருக்கவேண்டும். காட்டவில்லை. குடிகாரன் பிள்ளை என்ற பேரோடு நோயாளி என்ற பேரும் சேரவேண்டாம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு மூன்று பாட்டில் கொடுத்து அனுப்பினேன், வாத்தியாரிடம் சூட்டு உடம்பு என்று சொல்லிவைத்தேன். உனக்குப் பெண் பார்க்கப் போனபோது நித்யாவின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பையனுக்கு ஏதாச்சும் பழக்கம் இருக்குதாம்மா? தப்பா நெனைக்காதீங்க" என்றார். "தண்ணி தொடமாட்டானுங்க எம்புள்ள" என்றேன். நீ கூடத்தில் உட்கார்ந்து நாலாவது டம்ளரைக் காலி செய்துகொண்டிருந்தாய். அந்த வார்த்தை உன் அப்பாவைக் கொன்றது என்று தெரிந்தும் அதே வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் பெண்ணிடமும் மறைத்தேன், உன்னிடமும் மறைத்தேன். நிறையத் தண்ணீர் குடிப்பது உடம்புக்கு நல்லதும்மா என்று நீ எனக்கே பாடம் சொன்னாய், தலையாட்டினேன்.

திங்கட்கிழமையே போ, இரண்டு வாரம் காத்திருக்காதே. டாக்டர் கேட்காவிட்டாலும் நீயாகச் சொல். என் அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, அத்தைக்கு, அத்தை மகனுக்கு, எனக்கு என்று வரிசையாகச் சொல். தண்ணீர் என்று சொல், தண்ணி என்று சொல்லாதே. குழந்தையைச் சோதிக்கத் தண்ணீரை நிறுத்திப் பார்ப்பதென்றால் ஆஸ்பத்திரியில் டாக்டர் கண் முன்னால்தான் நிறுத்தவேண்டும், வீட்டில் நிறுத்தக்கூடாது, அதைச் சேகரின் டாக்டரம்மா என்னிடம் இரண்டு தடவை சொன்னார். இப்போது மாத்திரையே இருக்கிறது. சேகர் அதைத்தான் போடுகிறான், ராத்திரி பூராவும் தூங்குகிறான். ஆனால் மாத்திரை போட்ட பிறகு பழைய பழக்கத்தில் குடம் குடமாகக் குடித்தால் அதுவும் கெடுதல், உப்பு தாழ்ந்து தலைவலி வரும், அதிலும் வலிப்பு வரலாம். எவ்வளவு குடிக்கவேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கு. நீயும் பரிசோதித்துக்கொள். நீ மோட்டார் சைக்கிளில் போகிறவன். எங்காவது அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தால் உனக்காகத் தண்ணீர் கேட்க யார் இருப்பார்கள்? சேகர் சட்டைப் பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறான், இந்த நோயின் பேரும் மருந்தின் பேரும் எழுதி. நீயும் வைத்துக்கொள். நாளைக்குப் பாப்பாவை யார் கட்டிக்கொள்வார்கள் என்று நித்யாவின் அம்மா கேட்பார். கேட்டால், தெரிந்துகொண்டு வருகிறவன் கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்.

நீயும் பெருந்தேவியும் ஒன்றுதானே அம்மா, நீயும் கல்யாணத்துக்காகத்தானே மறைத்தாய் என்று நீ கேட்பாய். கேள். இருபது வருஷமாக நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பதில் இது, சரியோ தப்போ. நான் மறைத்தபோது என் எதிரில் யாரும் கை கட்டப்பட்டுக் கிடக்கவில்லை. இப்போது கிடக்கப் பார்க்கிறது ஒரு குழந்தை, அதனால் வாயைத் திறந்துவிட்டேன். இதற்காக நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் இருப்பாய், அதையும் வாங்கிக்கொள்கிறேன்.

ஸ்டெல்லாவை மன்னித்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்த தண்ணியை அவள் எழுதினாள். பேர் தெரியாத அந்த டூட்டி டாக்டரையும் விட்டுவிட்டேன். வரதனை அவர் சாகிறதற்கு முன்னால் மன்னித்தேன், சாத்துக்குடி பிழிந்து என் கையால் கொடுத்தேன். மரகதம்மாளிடம் எனக்குப் பகையே இல்லை, அவர் வெறுமனே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை மன்னிப்பது உன் வேலை, அவசரமில்லை. போன மாதம் படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஒருத்தி, ஒரு தடவை வந்து மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லி ஆள் அனுப்பினாள். அந்த ஆளுக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். தொண்டை வறண்டால் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் அறிந்த ஒரே ஆள் அவள். அவளைச் செத்தாலும் மன்னிக்கமாட்டேன். உன் அப்பாவுக்கு அக்கா, பெருந்தேவி.